அடித்து வளர்த்த நாய் ஆளைக் கடிக்கும்!

நாய் கடித்தது என்று செய்தி வந்தால் எல்லோரும் மூன்று கேள்வி கேட்கிறார்கள். எங்கே கடித்தது? எத்தனை தையல் போட்டார்கள்? என்ன ஜாதி நாய்?

நாலாவது கேள்வி ஒன்று இருக்கிறது. அதை யாரும் கேட்பது இல்லை. "அந்த நாயை எப்படி வளர்த்தார்கள்?"

திருட்டு வழக்கில் ஆளைப் பிடித்ததும் போலீசார் சும்மா விடுவது இல்லை. எந்த ஊர், யாரோடு சேர்ந்தான், தொழிலை யாரிடம் கற்றான் என்று குடைந்து எடுக்கிறார்கள். நாய் கடித்த வழக்கில் மட்டும் அந்த விசாரணை கிடையாது. நாயின் ஜாதியைக் குறித்துக்கொண்டு பைலை மூடிவிடுகிறார்கள்.

சென்னையில் நடந்ததைப் பாருங்கள். 2024 மே மாதம் ஆயிரம் விளக்கில் மாநகராட்சிப் பூங்காவில் 5 வயது சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. 2025 ஆகஸ்டில் ஜாபர்கான்பேட்டையில் பிட்புல் நாய் கடித்து ஒருவர் உயிர் போனது. ஊரே கொதித்தது. 2025 டிசம்பரில், இந்த இரண்டு ஜாதிக்கும் இனி புது உரிமம் கிடையாது என்று மாநகராட்சி மன்றத்தில் தீர்மானம் போட்டார்கள்.

சரி, போடட்டும். பெரிய வாய் உள்ள நாய் கடித்தால் காயமும் பெரிசு. அதில் சந்தேகம் இல்லை. ஆனால் ராட்வைலரும் பிட்புல்லும் இல்லாத வீட்டில் கடி நின்றுவிடுமா? நாட்டு நாய் கடிக்கவில்லையா? பஞ்சு மாதிரி இருக்கிற பொமரேனியன் விருந்தாளியின் காலைப் பிடிக்கவில்லையா?

தெருநாய் விவகாரம் தனிக் கதை. அதை இன்னொரு நாள் பேசலாம். இன்றைக்குப் பேச்சு, காசு கொடுத்து வாங்கி, பேர் வைத்து, கேட்டில் "நாய்கள் ஜாக்கிரதை" என்று போர்டு மாட்டி வளர்க்கும் வீட்டு நாயைப் பற்றித்தான்.

இரண்டு அடிச் சங்கிலி

நம் ஊரில் நாய் எப்படி வளர்கிறது?

குட்டியாக வருகிறது. இரண்டு மாதம் கொஞ்சுகிறார்கள். பிள்ளைகள் மடியில் வைத்துப் போட்டோ எடுக்கிறார்கள். ஆறு மாதம் ஆனதும் செருப்பைக் கடிக்கிறது. சோபாவைக் கிழிக்கிறது. உடனே மொட்டை மாடிக்கோ, மாடிப்படிக்குக் கீழேயோ மாற்றம். கழுத்தில் சங்கிலி. நீளம் இரண்டு அடி, மூன்று அடி. வெயில் வந்தால் நகர இடம் இல்லை. மழை வந்தால் ஒதுங்க இடம் இல்லை. காலையில் ஒரு தட்டு பால் சோறு. ராத்திரி மிச்சம் மீதி.

கடைக்காரர்களில் சிலர் செய்வது இன்னும் ஒரு படி மேல். குடோனில் பகல் முழுக்கக் கட்டிப் போட்டு, யார் முகத்தையும் காட்டாமல் வைப்பது. கேட்டால், "அப்பத்தான் சார் ராத்திரியிலே வெறியா இருக்கும்" என்பார்கள்.

வெறியாகத்தான் இருக்கும். அந்த வெறி திருடன் யார், தபால்காரர் யார், பால் போடும் பையன் யார் என்று பார்க்காது. முதலாளியின் பேரப் பிள்ளை ஓடி வந்தாலும் பாயும்.

இது சட்டப்படியும் குற்றம் என்பது பல பேருக்குத் தெரியாது. 1960-ம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், 11-வது பிரிவு. பிராணியை அடிப்பதும் உதைப்பதும் குற்றம். அளவுக்கு மீறிச் சின்னச் சங்கிலியிலோ, கனமான சங்கிலியிலோ நெடு நேரம் கட்டிப் போடுவது குற்றம். எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாய்க்கு நடை, ஓட்டம் கொடுக்காமல் விடுவதும் குற்றம். நாயின் பெயரைச் சொல்லியே அந்தச் சட்டத்தில் எழுதி இருக்கிறது.

தண்டனை என்ன தெரியுமா? முதல் தடவை 10 ரூபாயில் இருந்து 50 ரூபாய் வரை அபராதம்! 1960-ல் 50 ரூபாய் பெரிய தொகை. இன்றைக்கு டீயும் வடையும் சாப்பிட்டால் தீர்ந்து போகும். சட்டம் இருந்தும் பயம் இல்லாததற்கு இது ஒரு காரணம்.

அடியாத மாடு படியாதா?

"அடிக்காம எப்படி சார் படியும்? அடியாத மாடு படியாதுன்னு பெரியவங்க சொல்லலியா?" என்று கேட்பவர்கள் உண்டு.

நாயைப் பற்றி நம்மிடம் இருக்கிற பழமொழி எதுவும் நாய்க்குச் சாதகமாக இல்லை. வாலை நிமிர்த்த முடியாது என்போம். குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் திருந்தாது என்போம். ஆனால் அடித்தால் என்ன ஆகிறது என்பதைப் பழமொழியில் தேட வேண்டாம். எண்ணிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனையில், நாயைக் கொண்டு வந்தவர்களிடம் கேட்டு 2009-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். நாய் தப்பு செய்தபோது என்ன செய்தீர்கள், அதற்கு நாய் என்ன செய்தது என்று கேட்டார்கள். அடித்தோம், உதைத்தோம் என்றவர்களின் நாய்களில் 100-க்கு 43 திருப்பி உறுமியது அல்லது பாய்ந்தது. முறைத்துப் பார்த்து அடக்கப் பார்த்தபோது 100-க்கு 30 அப்படிச் செய்தது. அடி, நாயை அடக்கவில்லை. சண்டைக்கு இழுத்தது.

2020-ல் போர்ச்சுக்கல் நாட்டில் இன்னொரு ஆய்வு. 7 பயிற்சிப் பள்ளிகளில் 92 நாய்களைப் பார்த்தார்கள். சில பள்ளிகளில் தீனி கொடுத்துப் பழக்குகிறார்கள். சில பள்ளிகளில் சங்கிலியை வெடுக்கென்று இழுத்து, அதட்டிப் பழக்குகிறார்கள். பாடம் இல்லாத நாளிலும், பாடம் முடிந்த பிறகும் நாயின் எச்சிலை எடுத்துச் சோதித்தார்கள். மனத்தவிப்பு வந்தால் உடம்பில் ஊறும் ஒரு சுரப்பு நீர், அதட்டிப் பழக்கிய நாய்களிடம் பாடம் முடிந்ததும் ஏறி இருந்தது. தீனி கொடுத்துப் பழக்கிய நாய்களிடம் அப்படி ஏறவில்லை.

ஓநாய்க் கதை

"நான்தான் தலைவன் என்று நாய்க்குக் காட்டணும். இல்லாட்டி அது நம்மை ஏறி மிதிக்கும்" என்று சொல்லும் பயிற்சிக்காரர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். இந்தப் பேச்சு எங்கே இருந்து வந்தது?

1947-ல் ருடால்ப் ஷென்கல் என்பவர் சுவிட்சர்லாந்தில் பாசல் மிருகக்காட்சி சாலையில் இருந்த ஓநாய்களைப் பற்றி எழுதினார். ஒன்றை ஒன்று அடக்கி, பலசாலி தலைமைக்கு வருகிறது என்றார். 1970-ல் டேவிட் மெக் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் ஓநாய் பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதினார். அதிலும் இந்தக் கருத்து இடம் பெற்றது. ஊர் உலகம் பூராவும் அதைப் பிடித்துக்கொண்டது. ஓநாய்க்கு அப்படி என்றால் நாய்க்கும் அப்படித்தானே என்று முடிவு கட்டினார்கள்.

பிறகு அதே மெக் காட்டில் திரியும் ஓநாய்களைப் பல வருடம் பின்தொடர்ந்தார். அங்கே தலைவன் சண்டை இல்லை. கூட்டம் என்பது அப்பா, அம்மா, பிள்ளைகள். ஒரு குடும்பம். 1999-ல் இதை வெளிப்படையாக எழுதினார். தன் பழைய புத்தகத்தை இனி அச்சுப் போட வேண்டாம் என்று பதிப்பகத்தாரிடம் அவரே கேட்டார்.

மிருகக்காட்சி சாலையில் நடந்தது வேறு. அறிமுகம் இல்லாத ஓநாய்களைப் பிடித்து ஒரே கூண்டில் போட்டால் அடிதடி நடக்கும்தான். எட்டு ஆளை ஒரு லாக்கப்பில் போட்டுவிட்டு, மனித ஜாதியே இப்படித்தான் என்று எழுதலாமா?

எழுதியவரே விட்டுவிட்டார். நம் ஊரில் சிலர் இன்னும் விடவில்லை. குட்டியைப் புரட்டிப் போட்டுக் கழுத்தை அமுக்குகிறார்கள்.

உறுமலை அடக்காதீர்

நாய் சும்மா கடிப்பது இல்லை. கடிப்பதற்கு முன்னால் பல தடவை சொல்கிறது. நமக்குத்தான் புரிவது இல்லை.

முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மூக்கை நாக்கால் நக்கும். தூக்கம் வராதபோதும் கொட்டாவி விடும். காதைப் பின்னால் ஒட்டும். வாலைக் காலுக்கு இடையில் இடுக்கும். உடம்பு மரக்கட்டை மாதிரி விறைத்து நிற்கும். கடைக்கண்ணில் வெள்ளை தெரியும். இத்தனைக்கும் நாம் நகரவில்லை என்றால் உறுமும். அதற்கும் அசையாவிட்டால் பல்லைக் காட்டும். கடைசியில்தான் கடி.

வால் ஆட்டினால் சந்தோஷம் என்று நினைப்பதும் சரி இல்லை. உடம்பு தளர்ந்து, இடுப்போடு சேர்ந்து வால் ஆடினால் சந்தோஷம். உடம்பு விறைத்து, வால் மேலே தூக்கி விறுவிறு என்று துடித்தால் கிட்டே போகாதீர்கள்.

இப்போது ஒரு விஷயம் கவனியுங்கள். குழந்தை நாயைக் கட்டிப் பிடிக்கிறது. நாய் உறுமுகிறது. அப்பா ஓடி வந்து நாய்க்கு இரண்டு அடி போடுகிறார். அடுத்த தடவையும் அப்படியே நடக்கிறது. நாய் என்ன கற்றுக்கொள்கிறது? உறுமினால் உதை விழும் என்று கற்றுக்கொள்கிறது. குழந்தை மீது உள்ள பயம் போகவில்லை. குழந்தை வந்தால் அடி விழுகிறது என்பதால் பயம் கூடத்தான் செய்கிறது. உறுமல் மட்டும் நின்று போகிறது.

அப்புறம் ஒரு நாள் சத்தமே இல்லாமல் கடிக்கும். "நல்லாத்தான் இருந்துச்சு சார், திடீர்னு கடிச்சுடுச்சு" என்று ஸ்டேஷனில் சொல்வார்கள். திடீர் என்று ஒன்றும் இல்லை. கடைக்குள் திருடன் வந்தால் மணி அடிக்கும்படி வைத்திருக்கிறோம். மணிச் சத்தம் தொல்லை என்று மணியைக் கழற்றிப் போட்டால் திருட்டு நின்றுவிடுமா?

நாய் உறுமினால் குழந்தையை நகர்த்துங்கள். நாய்க்கு ஒதுங்க ஒரு இடம் கொடுங்கள். ஏன் உறுமியது என்று பாருங்கள். தட்டில் கை வைத்ததாலா? தூங்கும்போது மிதித்ததாலா? காதில் புண்ணா? வலி உள்ள நாய் தொட்டால் கடிக்கும். நேற்று வரை சாதுவாக இருந்த நாய் இன்றைக்கு மாறிவிட்டது என்றால் முதலில் கால்நடை டாக்டரிடம் காட்டுங்கள்.

காது கேட்காத குற்றம்

ராஜபாளையம் நாய் நம் ஊர்ப் பெருமை. 2005-ல் தபால் தலையே வெளியிட்டார்கள். அந்த வெள்ளை நாய்களில் பிறவியிலேயே காது கேட்காத குட்டிகள் உண்டு. வெள்ளை நிறத்தோடு சேர்ந்து வரும் குறை அது.

"கூப்பிட்டா திரும்பியே பார்க்கலே, திமிர்" என்று அந்த நாயை அடித்தால் எப்படி இருக்கும்? அது செய்த குற்றம் என்ன? வாங்கும் முன்பு குட்டியின் பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள். காது கேட்காத குட்டியையும் கைஜாடை காட்டிப் பழக்கலாம். அதற்கும் தேவை தீனியும் பொறுமையும்தான்.

பொறை பிஸ்கட் பாடம்

சரி, அடிக்காமல் எப்படிப் பழக்குவது?

அடிப்படை ரொம்பச் சுலபம். எதைச் செய்தால் லாபம் வருகிறதோ அதை நாய் மறுபடி செய்யும். எதைச் செய்தால் லாபம் இல்லையோ அதை விட்டுவிடும். கடைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியது இல்லை. தார்ண்டைக் என்பவர் 1898-ல் பூனைகளைப் பெட்டியில் அடைத்து வைத்துப் பார்த்துக் கண்ட உண்மை இது. பின்னால் ஸ்கின்னர் வந்து எலி, புறாவை வைத்து இதைப் பெரிய சாஸ்திரமாக வளர்த்தார்.

உட்காரப் பழக்க வேண்டுமா? டீக்கடைப் பொறையில் ஒரு சின்னத் துண்டு போதும். நாயின் மூக்குக்கு நேரே காட்டி, மெதுவாகத் தலைக்கு மேலே பின்பக்கம் கொண்டு போங்கள். மூக்கு மேலே போகும். பிருஷ்டம் தானாகக் கீழே போகும். உட்கார்ந்த அந்த வினாடி "சபாஷ்" என்று சொல்லித் தீனியைக் கொடுங்கள். ஐந்து வினாடி தாமதம் ஆனால் எதற்குக் கிடைத்தது என்று நாய்க்குப் புரியாது. நாலைந்து நாள், ஒரு வேளைக்கு ஐந்து நிமிஷம். பிறகு "உட்கார்" என்ற வார்த்தையைச் சேருங்கள்.

கூப்பிட்டால் வர வேண்டுமா? வந்ததும் ஒரு துண்டு கொடுங்கள். தட்டிக் கொடுங்கள். அரை மணி நேரம் தேட வைத்துவிட்டு வந்த நாயை, கோபத்தில் அடிக்கவே கூடாது. ஓடியதற்கு அடித்தேன் என்று நீங்கள் நினைப்பீர்கள். திரும்பி வந்ததற்கு அடி விழுந்தது என்று அது நினைக்கும்.

வீட்டுக்குள் மூத்திரம் போகிறதா? மூக்கைப் பிடித்து அதில் தேய்ப்பது வெறும் கொடுமை. எதற்கு என்று குட்டிக்குத் தெரியாது. நீங்கள் இல்லாத சமயம் பார்த்துக் கட்டிலுக்கு அடியில் போகும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடித்ததும் வெளியே தூக்கிக்கொண்டு போங்கள். சரியான இடத்தில் போனதும் தீனி. சில வாரத்தில் பழகிவிடும்.

செருப்பைக் கடிக்கிறதா? குட்டிக்குப் பல் முளைக்கும் காலம் அது. கடிக்க ஏதாவது ஒன்று கொடுங்கள். செருப்பைத் தூக்கி மேலே வையுங்கள். செருப்பு வாசலில் கிடப்பது குட்டியின் குற்றமா?

இன்னொரு முக்கியமான விஷயம், வயசு. அமெரிக்காவில் ஸ்காட், புல்லர் என்ற இருவர் பல வருடம் குட்டிகளை வளர்த்துப் பார்த்து 1965-ல் புத்தகம் போட்டார்கள். குட்டிக்கு 3 வாரத்தில் இருந்து 12 வாரம் வரை ஒரு பருவம். அந்தச் சமயத்தில் பார்த்துப் பழகியவர்களைப் பார்த்து அது பின்னால் பயப்படுவது குறைவு. குழந்தை, கிழவர், குடைக்காரர், ஹெல்மெட் போட்டவர், ஆட்டோ சத்தம், குக்கர் விசில் எல்லாம் அப்போதே அறிமுகம் ஆக வேண்டும். தடுப்பூசி முடியும் வரை தெருத் தரையில் விடாமல், கையில் தூக்கி வைத்துக் காட்டினால் போதும். நம் ஊரில் அந்த வயசில்தான் குட்டியைக் கூண்டில் வைத்து விற்கிறார்கள். அல்லது அறைக்குள் பூட்டி வைக்கிறார்கள்.

"கொஞ்சினா காவல் காக்குமா?"

கடைக்காரர்கள் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான்.

காவலுக்கு வேண்டியது குரைப்பு. கடி இல்லை. அறிமுகம் இல்லாத ஆள் ராத்திரியில் சுவர் ஏறினால், பாசமாக வளர்ந்த நாயும் குரைக்கும். குரைத்தால் நீங்கள் எழுந்து வருவீர்கள். திருடன் ஓடுவான். காவல் முடிந்தது. கண்ணை மூடிக்கொண்டு கடிக்கிற நாயால் லாபம் யாருக்கு? வழக்குத்தான் மிச்சம். பிராணியை அஜாக்கிரதையாக வைத்து ஆள் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து வரும்படி விட்டால், பாரதிய நியாய சன்ஹிதா 291-வது பிரிவுப்படி 6 மாதம் வரை ஜெயில், அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நாயை அடித்தால் 50 ரூபாய். அது ஆளைக் கடித்தால் ஜெயில். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அன்பாக வளர்த்தால் எந்த நாயும் கடிக்காது என்று சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்பவர் பேச்சை நம்ப வேண்டாம். வெளியே போனால் கயிறு வேண்டும். பெரிய நாய்க்கு வாய்க்கூடு வேண்டும். உரிமம் வேண்டும். வருடா வருடம் வெறிநாய்க்கடித் தடுப்பூசி வேண்டும். கடி பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். வீட்டு நாய்தானே என்று மஞ்சளை வைத்து மூடக்கூடாது. ஏற்கனவே கடித்துப் பழகிய நாயைப் பொறை பிஸ்கட்டோடு நீங்களே திருத்தப் பார்க்கவும் கூடாது. அதற்குக் கால்நடை டாக்டரும், தெரிந்த பயிற்சியாளரும் வேண்டும்.

யார் என்ன செய்ய வேண்டும்?

மாநகராட்சி உரிமம் கொடுக்கிறது. ஊசி போட்டதற்குச் சீட்டு கேட்கிறது. நல்லது. அதோடு, நாயின் உடல் பாஷை, அடிக்காமல் பழக்கும் முறை, சங்கிலிச் சட்டம் மூன்றையும் ஒரே பக்கத்தில் தமிழில் அச்சடித்து உரிமத்தோடு கொடுக்கட்டும். வார்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூங்காவில் ஒரு மணி நேரம் செய்து காட்டட்டும். காகிதமும் ஒரு ஆளும் போதும்.

டெல்லியில் இருப்பவர்கள் அந்த 50 ரூபாய் அபராதத்தை மாற்றட்டும். அறுபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

நாயைப் பயிற்சிக்கு விடுபவர்கள் பணம் கட்டும் முன்பு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நாய் தப்பு பண்ணினா என்ன செய்வீங்க?" கம்பு, முள் பட்டை, கரண்ட் பட்டை என்று பதில் வந்தால் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். கரண்ட் பட்டையை வேல்ஸ் நாட்டில் 2010-லேயே தடை செய்துவிட்டார்கள். இங்கே அதைக் காசு கொடுத்து வாங்குகிறோம். "ஒரு மாசம் விட்டுட்டுப் போங்க, நீங்க வந்து பார்க்கக் கூடாது" என்று சொல்லும் ஆளிடமும் விடாதீர்கள். பார்க்கக் கூடாத பாடம் என்ன பாடம்?

மாடியில் கட்டிப் போட்டிருக்கும் நாய் உங்கள் வீட்டிலேயே இருந்தால், இன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு அதைக் கயிற்றில் பிடித்துத் தெருவில் அரை மணி நேரம் நடத்திக் கூட்டிப் போங்கள். மோப்பம் பிடிக்க விடுங்கள். இழுத்தால் திருப்பி இழுக்காமல் நில்லுங்கள். பக்கத்தில் வந்ததும் ஒரு துண்டுப் பொறை கொடுங்கள். ஒரு மாதம் விடாமல் செய்து பாருங்கள். அதன் பிறகு பால் போடும் பையன் வரும்போது அந்த நாய் என்ன செய்கிறது என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.